எட்டு நிறைஞ்சா எல்லாம் முடிஞ்சுதா?

கெமிஸ்ட்ரி படிக்கும் வாசகி ஒருவர் நியாயமான கோபத்தோடு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். ‘கடைசி ஷெல்லில் எட்டு எலெக்ட்ரான் இருந்தால் அந்த அணு யாரோடும் சேராது என்று ஸ்கூலில் படித்தேன். நியான், ஆர்கான், கிரிப்டான், செனான் எல்லாம் அந்த லிஸ்ட்டில். ஒரே வருஷம் கழித்து, அதே செனான் ஃப்ளூரினோடு சேர்ந்து மூன்று சேர்மம் தருகிறதாம். அவற்றின் வடிவம் என்ன என்று கேள்வி! இரண்டுக்கும் மார்க் வாங்கிட்டேன். எது நிஜம்னு மட்டும் இன்னிக்கு வரைக்கும் தெரியலை.’

சபாஷ். இந்தக் கேள்வியைக் கேட்க விஞ்ஞானிகளே பல வருஷம் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு சின்ன ரிவிஷன். ‘ஒன் எஸ் டூ, டூ எஸ் டூ, டூ பி சிக்ஸ்...’ என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தோமே, ஞாபகம் இருக்கா? அதில் எஸ், பி என்பதெல்லாம் எலெக்ட்ரான்கள் தங்கும் ஹாஸ்டல் அறைகள். ஒவ்வொரு மாடியிலும் எஸ் என்று ஒரே ஒரு அறை. இரண்டாம் மாடியிலிருந்து பி என்று மூன்று அறைகள். மூன்றாம் மாடியிலிருந்து டி என்று ஐந்து அறைகள். எந்த அறையானாலும் இரண்டு பேருக்கு மேல் அனுமதி இல்லை. இது வார்டன் போட்ட சட்டம் அல்ல, 1925-ல் வுல்ஃப்காங் பாலி கண்டு சொன்ன இயற்கையின் சட்டம். ஒரு எஸ், மூன்று பி, மொத்தம் நான்கு அறை, எட்டு பேர். ‘எட்டு’ வந்த கதை இவ்வளவுதான்.

இப்போதே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ‘ஷெல் நிறைஞ்சுடுச்சு, அதனால் ஆர்கான் சும்மா இருக்கு’ என்கிறோம். ஆர்கானின் கணக்கு 2, 8, 8. ஆனால் மூன்றாம் ஷெல்லில் 18 பேருக்கு இடம் இருக்கிறது! டி அறைகள் ஐந்தும் காலி. செனானைப் பாருங்கள்: 2, 8, 18, 18, 8. அதன் ஐந்தாம் ஷெல்லிலும் நிறைய இடம் பாக்கி. ஆக, நிறைந்தது ஷெல் அல்ல, எஸ்ஸும் பியும்தான். ‘ஹவுஸ்ஃபுல்’ போர்டைப் பார்த்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமலேயே திரும்பி வந்த கதையாக இருக்கிறது இல்லையா?

ஆசையா, கணக்கா?

‘சோடியத்துக்கு ஒரு எலெக்ட்ரானைக் கொடுக்க ஆசை, குளோரினுக்கு ஒன்றை வாங்க ஆசை, கொடுத்து வாங்கி இரண்டும் சந்தோஷமாகி உப்பு ஆகின்றன’ என்றுதான் நமக்கெல்லாம் சொல்லித் தந்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, கல்யாணப் பத்திரிகை மாதிரி. ஆனால் அணுவுக்கு ஆசையும் கிடையாது, சந்தோஷமும் கிடையாது. கணக்கு மட்டும்தான் உண்டு.

அணு உலகில் ஆற்றலை அளக்க எலெக்ட்ரான் வோல்ட் என்று ஓர் அலகு வைத்திருக்கிறார்கள். இந்த வாரத்துக்கு மட்டும் அதை ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சோடியத்திடமிருந்து ஒரு எலெக்ட்ரானைப் பிடுங்க 5.14 ரூபாய் செலவு. கவனிக்கவும், செலவு! சோடியம் அதைச் சும்மா தூக்கிக் கொடுப்பதில்லை. அந்த எலெக்ட்ரானைக் குளோரினிடம் கொடுத்தால் நமக்குத் திரும்ப வருவது 3.61 ரூபாய். அதாவது, இதுவரைக்கும் ஒன்றரை ரூபாய் நஷ்டம்.

பிறகு எப்படி உப்பு உண்டாகிறது? சோடியம் இப்போது பிளஸ், குளோரின் மைனஸ். இரண்டும் கோடிக்கணக்கில் அருகருகே அடுக்கி உட்காரும்போது ஏற்படும் ஈர்ப்பில், ஒவ்வொரு ஜோடிக்கும் சுமார் 8 ரூபாய் கிடைக்கிறது. நஷ்டம் போக ஆறுக்கு மேல் லாபம். அதனால்தான் உங்க வீட்டு உப்பு ஜாடியில் உப்பு உப்பாகவே இருக்கிறது. யாருக்கும் எட்டு மேல் ஆசை வந்ததால் அல்ல.

ஒரு எலெக்ட்ரானைப் பிடுங்க ஆகும் அந்தச் செலவுக்கு ‘அயனியாக்கும் ஆற்றல்’ என்று பெயர். எலெக்ட்ரான் அடுக்கைப் படிப்பதன் பலனே இந்தச் செலவு ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது என்று புரிவதுதான்.

சோடியத்தின் கருவில் 11 புரோட்டான்கள். கடைசி எலெக்ட்ரான் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறது. அதற்கும் கருவுக்கும் நடுவே 10 எலெக்ட்ரான்கள் மறைத்துக்கொண்டு நிற்கின்றன. கருவின் பிடி அதன் மேல் லேசாகத்தான் விழும். குளோரினில் 17 புரோட்டான். உள்ளே மறைப்பது அதே 10 பேர்தான். வெளியே இருக்கும் ஏழு பேரும் ஒரே மாடிக்காரர்கள், ஒருவரை ஒருவர் அவ்வளவாக மறைப்பதில்லை. பிடி இறுகுகிறது, செலவு 12.97 ரூபாய். அடுத்து ஆர்கான், 18 புரோட்டான், 15.76 ரூபாய். அந்த வரிசையிலேயே அதிகம்.

அதைத் தாண்டினால் பொட்டாசியம். புதிதாக வரும் எலெக்ட்ரான் நான்காம் மாடிக்குப் போயாக வேண்டும். அதற்கு முன்னால் 18 பேர் மறைப்பு. செலவு ‘தொபுக்கடீர்’ என்று 4.34-க்கு விழுந்துவிடும்.

இப்போது மந்த வாயு ஏன் மந்தம் என்று சொல்லிவிடலாம். ஒன்று, அதனிடமிருந்து எலெக்ட்ரானை எடுக்கச் செலவு அதிகம். இரண்டு, அதற்கு ஒன்றைக் கொடுத்தாலும் லாபம் இல்லை, ஏனென்றால் வருகிறவர் மேலே தூரத்தில் உட்கார வேண்டும். எடுக்கவும் கஷ்டம், கொடுக்கவும் பிரயோஜனம் இல்லை. அவ்வளவுதான் ரகசியம்.

ஆனால் ‘செலவு அதிகம்’ என்பதும் ‘முடியவே முடியாது’ என்பதும் ஒன்றா? இங்கேதான் கதை ஆரம்பம்.

சோம்பேறியும் அந்நியனும்

1894-ல் லார்ட் ரேலியும் வில்லியம் ராம்சேயும் காற்றிலிருந்து ஆர்கானைப் பிரித்தார்கள். எதனோடு கலந்தாலும் அசையவில்லை. அதனால் கிரேக்க மொழியில் ‘சோம்பேறி’ என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். 1898-ல் ராம்சேயும் அவரது இளம் சகா மாரிஸ் டிராவர்ஸும் நியான், கிரிப்டான், செனான் மூன்றையும் ஒரே வருஷத்தில் கண்டுபிடித்தார்கள். செனான் என்றால் ‘அந்நியன்’. (அந்த டிராவர்ஸ்தான் பின்னாளில் கப்பலேறி வந்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இயக்குநர் ஆனார். அங்கே பி.எச்டி.க்கு அப்ளை பண்ணப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளவும்.)

இந்த வாயுக்களை யாரும் சோதிக்காமல் விட்டுவிடவில்லை. 1895-லேயே ராம்சே கொஞ்சம் ஆர்கானைப் பாரிசில் இருந்த ஹென்றி மொய்சானுக்கு அனுப்பினார். ஃப்ளூரினை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் மொய்சான். தொட்டதையெல்லாம் கடித்துக் குதறும் அந்த ஃப்ளூரினைச் சோம்பேறியின் மேல் ஏவிப் பார்த்தார். ஊஹூம், ஒன்றும் நடக்கவில்லை.

1916-ல் அமெரிக்காவின் கில்பர்ட் லூயிஸும் ஜெர்மனியின் வால்டர் கோசலும் தனித்தனியாக எட்டின் முக்கியத்துவத்தைச் சொன்னார்கள். அழகான விதி. கரியமில வாயு, தண்ணீர், அம்மோனியா, உப்பு என்று எதை எடுத்தாலும் பொருந்தியது. அதனால்தான் இன்றும் படிக்கிறோம். ஆனால் புத்தகத்துக்குப் புத்தகம் போகப் போக, ‘பெரும்பாலும் சேராது’ என்பது ‘சேரவே சேராது’ ஆகிவிட்டது.

லைனஸ் பாலிங் மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தார். செனான் ரொம்பப் பெரிய அணு. அதன் கடைசி எட்டு பேரும் ஐந்தாம் மாடியில், கருவிலிருந்து தள்ளி இருக்கிறார்கள். பிடி தளர்ந்திருக்க வேண்டும். எனவே செனான் ஃப்ளூரினோடு சேரலாம் என்று 1933-ல் எழுதினார். அவர் வேலை பார்த்த கால்டெக்கிலேயே டான் யோஸ்ட்டும் ஆல்பர்ட் கேயும் அதே வருஷம் முயன்றார்கள். செனானையும் ஃப்ளூரினையும் கலந்து மின்சாரத்தைப் பாய்ச்சினார்கள். சேர்மம் எதுவும் சிக்கவில்லை. ஆனால் ஒன்று, ‘எங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதால் அப்படி ஒரு பொருள் இருக்க முடியாது என்று ஆகாது’ என்ற பொருளில் கவனமாகத்தான் எழுதினார்கள்.

உலகம் முதல் பாதியை மட்டும் படித்தது. அடுத்த 29 வருஷத்துக்குக் கதவு சாத்தியே கிடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம்

யோஸ்ட் தோற்ற வருஷம் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஒரு கைக்குழந்தைக்கு ஒரு வயது நிறைந்தது. பெயர் நீல் பார்ட்லெட். 29 வயதில் அவர் கனடாவின் வான்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேதியியல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய லேபில் பிளாட்டினம் ஹெக்ஸாஃப்ளூரைடு என்றொரு சிவப்பு வாயு. எலெக்ட்ரான் பறிப்பதில் மகா ரவுடி. குளோரின் ஒரு எலெக்ட்ரானை வாங்கினால் 3.61 ரூபாய் தரும் என்று பார்த்தோம் இல்லையா? இது ஏறக்குறைய அதைப்போல இரண்டு மடங்கு தரும். இந்த ரவுடி, ஆக்சிஜன் மூலக்கூறிடமிருந்தே எலெக்ட்ரானைப் பிடுங்கிவிட்டது என்று பார்ட்லெட்டும் அவரது மாணவரும் கண்டுபிடித்தார்கள். இதுவே பெரிய அதிசயம். ஏனென்றால் ஆக்சிஜன்தான் மற்றவரிடம் பிடுங்கிப் பழக்கப்பட்டது. திருடன் வீட்டிலேயே திருட்டு!

பிறகு ஒரு வகுப்புக்குத் தயார் செய்துகொண்டிருந்தபோது, பாடப்புத்தகத்தில் இருக்கும் சாதாரண கிராஃப் ஒன்று அவர் கண்ணில் பட்டது. தனிமங்களின் அயனியாக்கும் ஆற்றல் கிராஃப். நீங்களும் நானும் கிராஃப் ஷீட்டில் வரைந்த அதே மலையும் பள்ளமும்தான். மந்த வாயுக்கள் எல்லாம் சிகரத்தில் இருக்கும். எல்லோரும் சிகரத்தைப் பார்த்தார்கள். இவர் சிகரங்களின் உயரத்தைப் பார்த்தார்.

ஹீலியம் 24.59, நியான் 21.56, ஆர்கான் 15.76, கிரிப்டான் 14.00, செனான் 12.13.

ஆக்சிஜன் மூலக்கூறு? சுமார் 12.1!

ஆக்சிஜனிடம் பிடுங்க முடிந்தால் செனானிடம் ஏன் முடியாது? இவ்வளவுதான் அவருடைய யோசனை. புதுத் தியரி இல்லை, சூப்பர் கம்ப்யூட்டர் இல்லை, இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்த எண்கள் பல வருஷமாகப் புத்தகங்களில் அச்சாகிக்கொண்டுதான் இருந்தன.

1962 மார்ச் 23, வெள்ளிக்கிழமை. ஒரு பக்கம் சிவப்பு வாயு, இன்னொரு பக்கம் நிறமில்லாத செனான், நடுவில் மெல்லிய கண்ணாடித் தடுப்பு. மாலை ஏழு மணி ஆகப் போகிற நேரத்தில் தடுப்பை உடைத்தார். சூடு தேவைப்படவில்லை, மின்சாரமும் தேவைப்படவில்லை. அறை வெப்பத்திலேயே, உடனடியாக, ஆரஞ்சு மஞ்சளில் ஒரு திடப்பொருள் படிந்தது.

யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வராந்தாவுக்கு ஓடி வந்தார். ஈ காக்கை இல்லை. எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள்!

அந்த மஞ்சள் பொருள் அவர் முதலில் எழுதிய சூத்திரம் மாதிரி அவ்வளவு சுலபமானது அல்ல, பல சேர்மங்களின் கலவை என்று பிற்பாடு தெரிந்தது. அதனால் என்ன? செனான் சேர்ந்துவிட்டது. அது போதும், கதவு திறந்துகொண்டது. அதே வருஷம் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் (பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான்) செனானையும் ஃப்ளூரினையும் நேரடியாகச் சூடாக்கி டெட்ராஃப்ளூரைடு எடுத்தார்கள். ஜெர்மனியில் ருடால்ஃப் ஹோப்பே டைஃப்ளூரைடு செய்தார்.

இதில் ஒரு கொடுமை என்ன தெரியுமா? செனானையும் ஃப்ளூரினையும் ஈரமில்லாத கண்ணாடிக் குடுவையில் கலந்து வெயிலில் வைத்தாலே டைஃப்ளூரைடு உண்டாகும் என்று 1960-களின் நடுவில் தெரிய வந்தது. ஆமாம், வெறும் வெயில்! (ஹாஸ்டல் மொட்டை மாடியில் முயற்சி செய்ய நினைப்பவர்களுக்கு: ஃப்ளூரின் கொடிய விஷம். பார்ட்லெட்டே 1963 ஜனவரியில் செனான் சேர்மம் ஒன்று வெடித்து, கண்ணில் காயத்தோடு சில வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.) யோஸ்ட்டுக்கும் கேயுக்கும் அந்தக் காலத்தில் கிடைத்த செனான் ரொம்பக் கொஞ்சம், அதனால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதற்குப் பிறகு யாரும் பெரிதாக முயலவில்லையே, அதுதான் வருத்தம். லேப் இருந்தது, வாயு இருந்தது, வெயிலும் இருந்தது. ‘அது நடக்காதுப்பா, எட்டு இருக்கு’ என்ற ஒரு வரி எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருந்தது.

சரி, எது நிஜம்?

வாசகிக்குப் பதில் இதுதான். எட்டு என்பது நல்ல வழிகாட்டி, சட்டம் அல்ல. நிஜமான கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எடுக்க எவ்வளவு செலவு, சேர்ந்தால் எவ்வளவு வரவு?

அந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் எல்லாமே விளங்கும். செனானின் செலவு 12.13, குளோரினின் செலவு 12.97. அதாவது, குளோரினைவிடச் செனானிடம் எலெக்ட்ரான் எடுப்பது சுலபம்! குளோரின் ஃப்ளூரினோடு சேர்கிறதே, யாராவது ஆச்சரியப்பட்டோமா? கிரிப்டானும் ஃப்ளூரினோடு சேரும், ஆனால் செனான் அளவுக்கு உறுதி இல்லை. ஆர்கானை ஹைட்ரஜனோடும் ஃப்ளூரினோடும் சேர்த்து 2000-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் ஒரு சேர்மம் செய்தார்கள். அதுவும் மைனஸ் 240 டிகிரிக்கும் கீழே உள்ள குளிரில்தான் நிற்கும். நியான் இன்று வரைக்கும் அடம் பிடிக்கிறது. எல்லோருக்கும் அதே நிறைந்த அடுக்குதான், ஆனால் பிடி வேறு, அதனால் நடத்தையும் வேறு.

பரீட்சைக்கு: டைஃப்ளூரைடு நேர்கோடு, டெட்ராஃப்ளூரைடு சதுரத் தளம், ஹெக்ஸாஃப்ளூரைடு கொஞ்சம் நசுங்கிய எண்முகி. டைஃப்ளூரைடில் செனானைச் சுற்றி எண்ணினால் பத்து எலெக்ட்ரான் வருகிறதே என்று பயப்பட வேண்டாம். ஃப்ளூரின், செனான், ஃப்ளூரின் என்று வரிசையில் நிற்கும் மூன்று பேரும் நான்கு எலெக்ட்ரான்களைக் கூட்டாகப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதுதான் இன்றைய விளக்கம்.

இதனால் நமக்கென்ன என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. அந்த டைஃப்ளூரைடு, சிலிக்கான் சில்லில் நுணுக்கமான பாகங்களைச் செதுக்கப் பயன்படுகிறது. இன்னொன்று, 2017 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஜிசாட்-9 செயற்கைக்கோளில் செனானை வைத்து இயங்கும் மின் உந்து அமைப்பு இருந்தது. செனானிடமிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கி, மிச்சமிருக்கும் அயனியை மின்புலத்தால் வேகமாக வெளியே தள்ளுவதுதான் டெக்னிக். கனமான அணு, வேறெதோடும் வம்புக்குப் போகாத சுபாவம், பிடுங்க ஆகும் செலவும் 12.13 ரூபாய்தான். பார்ட்லெட் பார்த்த அதே எண்!

இந்த வாரம் ஒரு சின்ன ஹோம்வொர்க். புத்தகத்தின் பின்பக்கத்தில் அயனியாக்கும் ஆற்றல் அட்டவணை இருக்கும், யாரும் திருப்பாத பக்கம். முதல் 54 தனிமங்களுக்குக் கிராஃப் போடுங்கள். கிரிப்டானின் 14.00 எங்கே இருக்கிறது, நைட்ரஜனின் 14.53 எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ‘மந்த வாயு’வின் எலெக்ட்ரானைவிட நைட்ரஜனின் எலெக்ட்ரான் இறுக்கமாகப் பிடிபட்டிருக்கிறது! ஆனால் நைட்ரஜன் எத்தனை ஆயிரம் சேர்மங்களில் இருக்கிறது? அப்படியானால் இந்த ஒரு எண் மட்டும் போதாது, வரவுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்த வரவு எங்கிருந்து வருகிறது என்று யோசித்து எழுதுங்கள். நல்ல பதில்களைப் பேசுவோம்.

அடுத்த வாரம்: வெள்ளி வெள்ளையாக இருக்கும்போது, அதே குடும்பத்துத் தங்கம் மட்டும் ஏன் மஞ்சள்? அதற்கும் எலெக்ட்ரான்தான் காரணம், ஐன்ஸ்டைனும் வருவார்!